பெட்ரோனிலா மேல் விழுந்த கொலைப்பழி

என் ஞானப்பிள்ளை ஒரு மனிதனைக் கொன்றுவிட்டாள் என்று ஊரே சொன்னபோது அவளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. சிரிக்காதீர்கள். அவள் வெண்கலம்தான், நாலு ஜோடி மாடு கட்டி இழுத்தாலும் லேசில் நகரமாட்டாள்தான். ஆனாலும் ஞானப்பிள்ளை ஞானப்பிள்ளைதானே. லிங்கன் நகரிலிருந்து ஆயரின் ஆள் வந்து, அவளைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, பெட்ரோனிலா என்று பெயர் வைத்தபோது, அவள் மேல் போர்த்திய வெள்ளைத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஸ்கெல்தோர்ப் கோயில் மணிக்கு ஞானத்தாய், பியர் காய்ச்சி விற்கிற இந்த ஹாவிஸ்.

அந்த மரியாதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், என் அண்டாவால் கிடைத்தது. மணி வார்க்க ஊரில் உலோகம் சேர்த்தபோது ஆளுக்கொரு சட்டி, கரண்டி, உடைந்த விளக்கு என்று கொண்டுவந்து போட்டார்கள். நான் பியர் காய்ச்சுகிற பெரிய அண்டாவையே உருட்டிக்கொண்டு போய்ப் போட்டேன். பைத்தியமா இவளுக்கு என்றார்கள். பைத்தியம்தான். எங்கள் ஊருக்குக் கிழக்கே, கடல் வற்றினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறு. மட்டியும் விலாங்கும் உப்பும் அதிலிருந்துதான். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி வந்து கவிழும். கவிழ்ந்தால் கரை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது. என் புருஷன் ஆடம் அப்படித்தான் போனார். நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தியதும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் இன்னும் தள்ளிக் கேட்டது. தப்பான பக்கம் நடக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. பிறகு கேட்கவே இல்லை.

ஒரு பெண்ணின் தொண்டை போதாத தூரத்துக்கு ஒரு மணியின் தொண்டை போகும். அதற்கு என் அண்டாவைக் கொடுக்கக்கூடாதா?

வார்க்க வந்தவர் ஹேமோ. லிங்கனிலிருந்து வந்த மனிதர், வாழ்நாள் முழுவதும் மணி வார்த்தே காது போனவர். கோயில் முற்றத்திலேயே குழி வெட்டி, களிமண்ணில் அச்சுச் செய்து, உலை மூட்டி, ஒரு கோடை முழுக்க வேலை செய்தார். வேலை முடிந்த பிறகும் போகவில்லை. என் கடை பெஞ்சில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். உதட்டைப் பார்த்தே நாம் பேசுவதைப் புரிந்துகொள்வார். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய மனசு. எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஹாவிஸ், அவ குரல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, ஹேமோ."

"நல்லாங்கறது ஒரு பதிலா? உன் பியரும்தான் நல்லா இருக்குங்கறாங்க, பொய்தானே அது?"

"உம்ம நாக்குல கொள்ளிய வைக்க! குடிச்சதை வெச்சுட்டுப் போம்."

அவர் விடமாட்டார். கடைக்கு வருகிற ஒவ்வொருவனையும் பிடித்து உலுக்குவார். கொல்லன் கோட்வின்தான் மணிக்கயிறு இழுப்பவன், அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவன் தலையைச் சொறிந்து யோசித்து, "சத்தமா இருக்கு" என்றான். ஹேமோ அவனை அடிக்கப் போய்விட்டார். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் கோபுரத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் அவருக்குப் பின்னால் நின்று அதே மாதிரி செய்து கேலி செய்யும். நானும் சிரித்திருக்கிறேன்.

பெரிய வியாழன் அன்று கோயில் முறைப்படி மணியின் நாக்கைச் செம்மறித்தோலால் சுற்றிக் கட்டினோம். ஆண்டவர் கல்லறையில் இருக்கும்வரை மணி பேசக்கூடாது, மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிட வேண்டும். பெரிய சனியன்று பூசைக்கு முன் யாராவது ஏறிப் போய் அந்தத் தோலை அவிழ்க்க வேண்டும். "அதை நான் அவுக்கறேன்" என்றார் ஹேமோ. வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுவீரா என்று கேலி செய்தோம்.

அந்தச் சனிக்கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மதியமே ஊரில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டோம். ஒரு வீட்டிலும் ஒரு பொறி கிடையாது. கோயில் சன்னலுக்கெல்லாம் கம்பளி போட்டு மூடி, ஊர் மொத்தமும் இருட்டில், ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும்படி நின்றோம். குழந்தைகூட அழவில்லை. வாசலில் வாரின் சாமியார் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டுகிற சத்தம். ஒரு பொறி. அது பஞ்சில் பிடித்து, பாஸ்கா மெழுகுதிரிக்கு ஏறி, அதிலிருந்து ஒரு திரி, அதிலிருந்து இன்னொன்று என்று முகம் முகமாக வெளிச்சம் உள்ளே வந்தது. பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று அப்போதுதான் தெரிகிறது. எனக்குச் சண்டைக்காரிகளின் முகம்கூட அழகாகத் தெரிந்தது, பாருங்கள். வாசகமெல்லாம் முடிந்து சாமியார் மகிமைப் பாட்டை எடுத்ததும் கோட்வின் கயிற்றை இழுத்தான்.

மூன்று நாள் வாய் கட்டிக் கிடந்தவள் பேசினாள். ஐயோ, என்ன குரல் அது! சுவர் நடுங்கியது, கையில் திரியின் சுடர் நடுங்கியது. பெரிய பெரிய ஆண்கள் தேம்பினார்கள். என் மகன் ஆஸ்பர்ட் என் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் கூட்டத்தில் ஹேமோவைத் தேடினேன், காணவில்லை. வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, உயிர்ப்பு ஞாயிறு. முதல் பியரில் துணியை நனைத்து மணியின் விளிம்பைத் துடைப்பது ஞானத்தாயின் வேலை என்று நானே எனக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தேன். ஏணி ஏறிப் போனேன். மணிக்கு நேர் கீழே, பலகைத் தரையில், ஹேமோ மல்லாந்து கிடந்தார். ஒரு பக்கத்து நெற்றிப்பொட்டு உடைந்து ரத்தம் காய்ந்திருந்தது. தலைக்கடியில் நாக்குக் கட்டிய செம்மறித்தோல். கண் திறந்திருந்தது. முகத்தில் வலி இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. கண் ஓரத்திலிருந்து காது வரை இரண்டு பக்கமும் ஏதோ உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு. வியர்வை என்று நினைத்தேன். கையைத் தொட்டேன், கல்லாகச் சில்லிட்டிருந்தது. பிணத்தை முதலில் பார்த்தவர் கூவி ஊரைக் கூட்டவேண்டும், அதுதான் சட்டம். கூவினேன்.

எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கட்டவிழ்க்கப் போன மனிதர் இறங்காமல் அங்கேயே நின்றிருக்கிறார். கோட்வின் கயிற்றை இழுத்திருக்கிறான். வீசிய மணி தலையில் அடித்திருக்கிறது. கோட்வின் கயிற்றறையிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். தவக்காலம் முழுக்கக் கருவாட்டைத் தின்று நாக்குச் செத்துப்போன ஊரில், அன்று வெந்த ஆட்டுக்கறியை யாரும் தொடவில்லை.

சாமியார்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "ஹாவிஸ், மணியை மறந்துரு."

"ஏன் சாமி?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? கோட்வினோட அப்பனை வண்டி ஏறிக் கொன்னப்ப வண்டி என்ன ஆச்சு?"

தெரியும். உயிர் எடுத்த பொருள் எதுவானாலும் அது அரசருக்கு. குதிரையோ வண்டியோ கொப்பரையோ, அது பாவம் செய்த பொருள், ஊரில் இருக்கக்கூடாது. அப்பனைப் புதைத்த கையோடு வண்டியும் போய், விறகு கொண்டுவர வழியில்லாமல் அந்தக் குடும்பம் குளிரில் விறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அரசரின் சாவு விசாரணை அதிகாரி வருவார், பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கேட்பார், மணிதான் கொன்றது என்று அவர்கள் சொன்ன மறுநிமிடம் பெட்ரோனிலாவை இறக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதிகாரி வரும்வரை அவள் அடிக்கவும் கூடாது. சாமியார் கயிற்றைச் சுருட்டிக் கட்டி மெழுகு முத்திரை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மூடுபனி வந்தது.

ஆஸ்பர்ட்டும் இன்னும் சிலரும் சேற்றில் இருந்தார்கள். பெண்களெல்லாம் கடற்சுவர் மேல் ஏறி எதையாவது தட்டலாம் என்று பார்த்தால், தட்ட என்ன இருக்கிறது? ஊரிலிருந்த பித்தளை மொத்தமும் மணிக்குள் போயிருந்தது. மரவாளியைத் தட்டினோம், கத்தினோம். பனி அந்தச் சத்தத்தை அப்படியே தின்றுவிட்டது. எனக்கு ஆடம் கத்தியது காதில் கேட்க ஆரம்பித்தது. மற்றவர்கள் வந்து சேர்ந்து வெகுநேரம் கழித்து, இடுப்பு வரை கடலில் நனைந்து ஆஸ்பர்ட் வந்தான். பல் கிட்டிப்போயிருந்தது. அவனை அடித்தேன், பிறகு கட்டிக்கொண்டேன். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அவளை நான் விடமாட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். ஃபுல்க் பிரபு என்று பெயர். ஒல்லி, நீண்ட மூக்கு, மூக்கில் சளி. கூடவே காலி மாட்டு வண்டி, வடம், கப்பி, நாலு ஆட்கள். தீர்ப்புக்கு முன்னாலேயே வண்டி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயிலுக்குள் ஹேமோவின் உடலைக் கிடத்தியிருந்தது. சுற்றிப் பன்னிரண்டு பேர். கோட்வின் தூணோடு ஒட்டி நின்றான். அதிகாரி குனிந்து காயத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல பார்த்தது யாரு?" என்றார்.

"நான்தாங்கய்யா."

"எப்படி விழுந்து கிடந்தார்?"

"விழுந்து கிடக்கலை. படுத்திருந்தார்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி ஐயா ஒண்ணாகும்? விழுறவன் தலைக்குத் தலையணை வெச்சுக்கிட்டா விழுவான்? நாக்குல கட்டியிருந்த தோலை மடிச்சு, தலைக்கு அடியில வெச்சு, காலை நீட்டிப் படுத்திருந்தார். என் கடை பெஞ்சுல தூங்கும்போதும் அப்படித்தான் தூங்குவார்."

வாரின் சாமியார் என் முழங்கையை இடித்தார். "ஹாவிஸ், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கேட்டதுக்குத்தானே சாமி சொல்றேன்!"

அதிகாரி கையைத் தூக்கினார். "சரி, படுத்திருந்தார்னே வெச்சுக்குவோம். அதனால என்ன?"

"நின்னவனை மணி அடிக்கும். படுத்தவனைத் தொடாது. தரைக்கும் விளிம்புக்கும் நடுவுல இடம் இருக்கு. நான் துடைக்கிறவ, எனக்குத் தெரியும்."

"நிக்கிற மணிக்கு இடம் இருக்கும். வீசுற மணிக்கு இருக்குமா?"

நியாயமான கேள்வி. அந்தச் சளிமூக்குக்காரர் முட்டாள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு மூட்டையை அங்க போட்டு அடிச்சுப் பார்ப்போம்" என்றார்.

உடனே பன்னிரண்டு பேரும் மூட்டைக்காகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். பார்லி மூட்டை அமுங்கும் என்றான் ஒருவன். உப்பு மூட்டை உயரம் போதாது என்றான் இன்னொருவன். "ஹேமோ வயித்துக்கு எந்த மூட்டைய்யா ஈடாகும்?" என்று ஒரு கிழவர் கேட்டார். ஒவ்வொருவர் பார்வையாக மெல்ல என் மேல் வந்து நின்றது.

என்ன செய்ய? பியர் காய்ச்சுகிறவள் ருசி பார்க்காமல் இருக்க முடியுமா? ஸ்கெல்தோர்ப்பில் ஹேமோவின் வயிற்றுக்குச் சமமான வயிறு என்னுடையது ஒன்றுதான்.

"பார்க்கறதைப் பாருங்க!" என்றேன். "சரி, நானே படுக்கறேன்."

"வேண்டாம்" என்றார் அதிகாரி சட்டென்று. "உன் கணக்கு தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா ரெண்டு சாவுக்கும் சேர்த்து அவளைக் கொண்டுபோங்க. சரியா இருந்தா உங்க வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போங்க. பேச்சு மாறக்கூடாது."

அவர் சரியென்று தலையை அசைத்தார். முத்திரையை அவரே உடைத்தார்.

கோட்வின் கயிற்றைத் தொடமாட்டேன் என்று அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்குகிறது. "அக்கா, வேணாம்க்கா. ஒரு ஆளைக் கொன்ன கை இது. இன்னொரு தடவை என்னால ஆகாது."

"கொன்ன கையா இல்லையான்னு தெரிய வேணாமா உனக்கு? காலம்பூரா இப்படியே கையை விரிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கப் போறியா?"

"நீங்க செத்துப்போனா?"

"செத்துப்போனா என் கடை பாக்கியை யாருக்கும் கொடுக்க வேணாம், சந்தோஷமா இரு. இழுடா. சனிக்கிழமை எப்படி இழுத்தியோ அப்படியே இழு. இரக்கப்பட்டு மெதுவா இழுத்தே, எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

ஏணி ஏறினேன். அதிகாரியும் இரண்டு பேரும் மணிச்சட்டத்தின் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தரை முழுக்கக் காக்கைகள் கொண்டுவந்து போட்ட சுள்ளி, சுண்ணாம்புத் தூள், கொத்தனார் விட்டுப்போன சில்லு. ரத்தக்கறை இருந்த அதே இடத்தில், அதே தோலை மடித்துத் தலைக்கு வைத்து, மல்லாந்து படுத்தேன்.

மேலே அவள் வாய். இருட்டு. நடுவில் நாக்கு. வெண்கலத்தோடு அச்சுக்குப் பூசிய வாத்துக் கொழுப்பும் மணத்தது. இதற்குள் எங்கேயோ என் அண்டா இருக்கிறது என்று நினைத்தேன். அடிப்பாவி, உனக்கு எண்ணெய் பூசும்போது துணி பிடித்தவள் நான், பார்த்து நடந்துகொள் என்று சொன்னேன். அதிகாரி தரையைத் தட்டினார். கீழே கோட்வின் இழுத்தான்.

முதலில் மரச்சட்டம் முனகியது. அவள் அந்தப் பக்கம் போனாள், வெளிச்சம் வந்தது. திரும்பி வந்தாள், இருட்டானது. காற்று என் முகத்தில் அறைந்தது. விளிம்பு என் வயிற்றுக்கு மேல், ஒரு சாண் கூட இருக்காது, வழுக்கிக்கொண்டு போனது. அம்மா என்று கத்தினேன் போலிருக்கிறது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏனென்றால் அப்போது நாக்கு அடித்தது.

இதை எப்படிச் சொல்வது? குரல் என்பது காதில் கேட்கிற சமாசாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இது காதுக்கு வரவே இல்லை. பலகையிலிருந்து முதுகுத்தண்டில் ஏறியது. பல்லில், விலா எலும்பில், பிள்ளை பெற்ற வயிற்றில், உள்ளங்காலில் எல்லாம் அவள் பேசினாள். எனக்கென்று உடம்பே இல்லை, அந்தக் குரல்தான் இருந்தது. அதற்குள் ஊரே இருந்தது. இவள் சட்டி, அவள் கரண்டி, செத்துப்போனவர்களின் விளக்கு, எல்லாம் ஒன்றாக உருகி ஒரே வாயால் வா, வா, இந்தப் பக்கம் வா என்று கூப்பிட்டது. ஆடம் இதைக் கேட்டிருந்தால் வந்திருப்பார். எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஆண்டவர் சன்னிதியில் நிற்கிறபோது இப்படித்தான் இருக்குமென்றால், சாவதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மல்லாந்து கிடந்ததால் அது கன்னத்தில் இறங்காமல், கண் ஓரமாக வழிந்து, இரண்டு பக்கமும் காதுக்குள் போயிற்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஹேமோ முகத்தில் நான் பார்த்த வெள்ளைக் கோடு வியர்வை இல்லை.

அந்த மனிதர் இங்கே மாட்டிக்கொள்ளவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டு, வேண்டுமென்றே, வசதியாகத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். சுவர் வழியாகக் கைக்கு வந்ததெல்லாம் அவருக்குப் போதவில்லை. நாங்கள் ஒருத்தரும் சொல்லத் தெரியாமல் விட்ட பதிலை அவரே கேட்டுக்கொள்ள வந்திருக்கிறார்.

அவள் இன்னும் வீசிக்கொண்டிருந்தாள். மேலிருந்து சுண்ணாம்புத் தூள் என் கண்ணில் விழுந்தது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு தடவையும், விட்டத்துக்கு மேலே, சன்னல் வளைவில் ஒரு கல் அசைவது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கல் இருந்த இடம் காலியாக, புதுசாக, வெள்ளையாக இருந்தது. நின்று பார்க்கிறவனுக்கு விட்டம் மறைக்கும். படுத்தவளுக்குத்தான் அது தெரியும். கத்த வாயைத் திறந்தேன், கல் கிளம்பிவிட்டது. தலையை மட்டும்தான் திருப்ப முடிந்தது. என் காதுக்குப் பக்கத்தில், பலகை பிளக்கும்படி வந்து விழுந்தது.

அதிகாரி ஏதோ கத்தினார். மணி நின்றது. அதற்குப் பிறகு பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை, எல்லோர் வாயும் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. கோட்வின் பிறகு என் வலது காதில் கத்திக் கத்திச் சொன்னதை வைத்துத்தான் மீதியைச் சொல்கிறேன்.

ஃபுல்க் பிரபு முழங்காலிட்டு, அந்தக் காக்கைச் சுள்ளிக் குப்பையைத் தன் கையாலேயே கிளறினாராம். என்ன தேட வேண்டும் என்று இப்போதுதான் தெரியும் அல்லவா? மூலையில் கிடைத்தது. அதே வகைக் கல். ஒரு முனையில் ரத்தமும் ஹேமோவின் நரைத்த முடியும் ஒட்டியிருந்தன. குளிர்காலத்தில் அவசரமாகக் கட்டிய வளைவு, உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்கவே இல்லை.

பன்னிரண்டு பேரில் ஒருவன், வாய் சும்மா இருக்காதவன், கேட்டிருக்கிறான். "ஆனா ஐயா, கல்லை அசைச்சது மணியோட சத்தம்தானே? அப்ப மணிக்கும் பங்கு உண்டுல்ல?"

கோட்வின் அவனைக் கொல்லப் போனானாம். அதற்குள் வாரின் சாமியார், எதற்கும் வாய் திறக்காத அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதர், முன்னால் வந்தாராம். "மணியோட உடம்பு வெண்கலம். அதுக்கு அரசர் சட்டம் உண்டு. அதோட குரல் எண்ணெய் பூசி ஆண்டவருக்குக் கொடுத்தது. அதை விசாரிக்க உங்களுக்கு உரிமை இருக்கா?"

அதிகாரி மூக்கைத் துடைத்தாராம். "உரிமை இருக்கோ இல்லையோ, குரலை ஏத்திக்கிட்டுப் போற வண்டி எங்கிட்ட இல்ல" என்றாராம். பிறகு பெட்ரோனிலாவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். அதை நானே பார்த்தேன்.

அப்படியாக, ஹேமோவைக் கொன்றது கல் என்று பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். பாவம் செய்த கல் அரசருக்கே என்று எழுதிக்கொண்டார்கள். நாலு ஆள், வடம், கப்பி, அவ்வளவு பெரிய மாட்டு வண்டி. அதில் நடுவில் ஒரே ஒரு கல். ஊர் எல்லை வரை பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு பின்னால் ஓடின.

அவர்கள் போவதற்குள் சேற்றிலிருந்து ஆட்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள், முழங்கால் வரை சேறு, முன்னால் ஆஸ்பர்ட். பளீரென்று வெயில் அடிக்கிறது. "மூடுபனியே இல்லாம எவன்டா மணி அடிச்சது?" என்று கத்தினான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அவன் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. மணி கூப்பிட்டது, என் மகன் வந்துவிட்டான். அதைத்தானே நான் கேட்டேன்? சேற்றோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். கோட்வினும் வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். எலும்பு நொறுங்காதது ஆண்டவர் கிருபை.

ஹேமோவைக் கோபுரத்தின் அடியிலேயே, சுவரை ஒட்டிப் புதைத்தோம். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

என் வலது காது சாயங்காலமே திரும்பிவிட்டது. இடது காது திரும்பவில்லை, இனி திரும்பாது. வலதும் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு வருகிறது. கடையில் பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். மூடுபனி இறங்கி கோட்வின் கயிற்றைப் பிடிக்கிற நேரத்தில் நான் எல்லா வேலையையும் அப்படியே போட்டுவிட்டுப் போவேன். ஹேமோ புதைந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கோபுரத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைப்பேன். கல் வழியாக அவள் கைக்குள் வருவாள்.

"அவ குரல் எப்படி இருக்கு, ஹாவிஸ்?" என்று அவர் இனி கேட்கமாட்டார். அவருக்குத் தெரியும். கல் விழுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார், காது வரை வழிந்த அந்தக் கண்ணீர் அவர் முகத்தில் காய்ந்திருந்தது.

சேற்றுவெளியில் எங்கேயோ ஆஸ்பர்ட் தலையைத் திருப்பி, கரைப்பக்கம் நடக்க ஆரம்பித்திருப்பான்.